ஸ்டாலின்கிராடிலிருந்து மொரப்பூருக்கு

2009 கடைசியில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் இரண்டாம் உலகப் போர் பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கினேன். சின்னப் புத்தகம். அட்டையில் டாங்கி, எரிகிற கட்டடம். அதுவரை எனக்கு வரலாறு என்றால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்கிற ஆண்டுகள், அவ்வளவுதான். பஸ் கடத்தூர் வந்து சேர்வதற்குள் போலந்து விழுந்திருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பிரான்ஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் எழுந்ததும் பல்லுகூட விளக்காமல் ரஷ்யாவுக்குள் நுழைந்தேன்.

அதுதான் ஆரம்பம். அடுத்த ஒரு வருஷம் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஹிட்லர் வாழ்க்கை, முசோலினி வாழ்க்கை, பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா. பா. ராகவனின் 'நிலமெல்லாம் ரத்தம்' வழியாகப் பாலஸ்தீனம் வரைக்கும் போனேன். இங்கிலீஷ் கொஞ்சம் பிடிபட்டதும் ஆண்டனி பீவரின் 'ஸ்டாலின்கிராட்'. ஸ்டாலின்கிராட் எனக்கு அத்துபடி. 1943 ஜனவரி 31 அன்று பாலஸ் சரணடைந்தார், அதற்கு முந்தின நாள்தான் ஹிட்லர் அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கியிருந்தார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்தக் கட்டுரை அந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றியது. அவற்றுக்கு நான் பட்ட கடன் பெரிசு. அதே புத்தகங்கள் என்னை ஒரு இடத்தில் தப்பாகவும் பேச வைத்தன. இரண்டையும் சொல்லணும்.

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பட்டாளத்துத் தாத்தா. எண்பத்தைந்து தாண்டியிருக்கும். பல் கிடையாது, வெற்றிலையைச் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் போடுவார். ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தபோது அந்த உரலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சாமி படிக்கிற? கதையா?"

"இல்ல தாத்தா. ரெண்டாவது உலகப் போர். ஹிட்லர் சண்ட."

கொஞ்ச நேரம் இடித்தார். அப்புறம் சொன்னார்: "நாங்களும் அந்த சண்டைக்குத்தான் போனோம். அசாமுக்கு. ரோடு போட்டோம். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை."

நான் சொன்னேன், "அது வேற தாத்தா. இது ரஷ்யால நடந்தது."

"அப்ப வேறயா இருக்கும்" என்றார். திரும்ப இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

2011-ல் அவர் இறந்துபோனார். அது வேறு இல்லை, அதேதான் என்று எனக்குப் புரிய அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் ஆனது.

இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன்.

வெகுஜன வாசிப்புக்கான போர் வரலாறு ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, அதில் கடிகாரம் ஓடுகிறது. இன்றைக்கு முடிவெடுக்காவிட்டால் நாளைக்கு நகரம் இல்லை. இரண்டு, வரைபடம். கறுப்பு அம்பு கிழக்கே போகிறது, வெள்ளை அம்பு வளைத்துப் பிடிக்கிறது. ஒரு பார்வையில் ஒரு கண்டத்தையே புரிந்துகொண்ட மாதிரி இருக்கும். மூன்று, ஆட்கள். சர்ச்சில், ஸ்டாலின், ரோமெல் என்று பத்துப் பதினைந்து பேர். அவர்களுடைய கோபம், வியாதி, பிடிவாதம் எல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். நல்ல நாவல் செய்கிற வேலைதான் இது, கூடவே 'இதெல்லாம் நிஜம்' என்ற முத்திரையும் இருக்கிறது. 2004-க்குப் பிறகு கிழக்கு பதிப்பகமும் அதைப் பார்த்து மற்றவர்களும் இந்த வகைப் புத்தகங்களை மலிவு விலையில், எளிய தமிழில் மாவட்டத்து ஊர்கள் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். கல்லூரி நூலகத்தில் பூட்டின பீரோவுக்குள் இருந்த விஷயத்தைப் பஸ் ஸ்டாண்டு கடைக்குக் கொண்டுவந்தது சாதாரண காரியம் இல்லை. 'மேலோட்டமான புத்தகங்கள்' என்று இவற்றைத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மேலோட்டமாகவாவது ஒருவன் உள்ளே வரட்டுமே.

குறை எளிமையில் இல்லை. வாசகனை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இந்தப் புத்தகங்களில் நாம் எப்போதும் தளபதியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் மேசை, மேசை மேல் வரைபடம். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் டிவிஷன் தெரியும், ஆள் தெரிய மாட்டான். ரோடு ஒரு கோடாகத் தெரியும், அதைப் போட்டவன் தெரிய மாட்டான். நம் ஊரே தெரியாது. ஏனென்றால் அங்கே எந்த அம்பும் வரவில்லை. இந்தியாவைப் பற்றி ஒரு வரி வரும்: பிரிட்டனுக்காக 25 லட்சம் இந்தியர்கள் போருக்குப் போனார்கள், உலகத்திலேயே பெரிய தன்னார்வப் படை. அடுத்த வரியில் நார்மண்டி வந்துவிடும். அந்த 25 லட்சத்தில் ஒருத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறார் என்பதை எனக்குச் சொல்ல அந்தப் புத்தகத்தால் முடியவில்லை. அதைப் படித்துப் பழகிய நானும் அவரைப் பார்த்து 'அது வேற' என்றேன்.

போர் பற்றிய புத்தகத்தை நான் இப்போது ஒரே ஒரு கேள்வி வைத்துத்தான் எடை போடுகிறேன். மூடி வைத்த பிறகு அது என்னை என் தெருவைப் பார்க்க வைக்கிறதா? அந்தக் கேள்வியோடு நாலு புத்தகங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, ஸ்ரீநாத் ராகவனின் 'இந்தியாஸ் வார்' (2016). ராகவன் ராணுவ அதிகாரியாக இருந்துவிட்டு வரலாற்று ஆய்வுக்கு வந்தவர். இதில் வரைபடமும் உண்டு, படைப்பிரிவும் உண்டு. ஆனால் தளபதியின் மேசைக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்க்கிறார். இரண்டு லட்சம் பேர் இருந்த ராணுவம் எப்படி 25 லட்சம் ஆனது, அத்தனை பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது, துணி எங்கிருந்து வந்தது, பணத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறார். எனக்கு முக்கியமாகப் பட்டது ஆளெடுப்பு பற்றியது. வெள்ளைக்காரன் கணக்கில் பஞ்சாபியும் பட்டாணியும் கூர்க்காவும் 'போர்க்குணம்' உள்ளவர்கள், மெட்ராஸ்காரன் அதற்கு லாயக்கில்லாதவன். அந்தக் கணக்கு வைத்துத்தான் பல வருஷம் நம் பக்கத்து ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். போர் கழுத்தை நெரித்ததும் அந்தத் தத்துவம் எல்லாம் காற்றில் போயிற்று. சென்னை மாகாணத்திலிருந்து ஏராளமாக ஆள் எடுத்தார்கள். துப்பாக்கி பிடிக்க மட்டுமில்லை, லாரி ஓட்ட, பாலம் கட்ட, மண் வெட்ட. அப்படி வேலை செய்யவே பயனியர் படை என்று தனியாக இருந்தது. அன்றைக்கு தருமபுரி சேலம் ஜில்லாவில்தான் இருந்தது, 1965-ல்தான் தனி மாவட்டம். விலைவாசி ஏறின, மழை பொய்க்கிற ஒரு ஜில்லாவில் மூன்று வேளைச் சோறும் மாசச் சம்பளமும் என்றால் யார் போவார்கள், ஏன் போவார்கள் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ராகவன் புத்தகத்தின் பலம் 'ஏன்' என்ற கேள்வி. பலவீனம் அதன் உயரம். அரசாங்கத்தின் கோப்புகள் வழியாக அரசாங்கத்தைப் பார்க்கிற புத்தகம் அது. பசி என்பது அதில் ஒரு அட்டவணை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்த அட்டவணை இல்லாமல் என் தாத்தா கதை எனக்குப் புரிந்திருக்காது. ஆனால் அதோடு நின்றால் போதாது.

இரண்டாவது, யாஸ்மின் கானின் 'தி ராஜ் அட் வார்' (2015). இதன் துணைத் தலைப்பே மக்கள் வரலாறு என்கிறது. கப்பல் தொழிலாளி, நர்ஸ், அகதி, முகாமைச் சுற்றிப் பிழைத்த பெண்கள், விமானத் தளத்துக்கு நிலத்தைப் பறிகொடுத்த விவசாயி என்று வரிசையாக வருகிறார்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள், 1943 வங்கப் பஞ்சத்தில் செத்த சுமார் 30 லட்சம் பேர் எல்லாம் போர் வரலாற்றின் பின்னிணைப்பாக இல்லாமல் போர் வரலாறாகவே இதில் இருக்கிறார்கள். படிக்கிறபோது ஒரு ஆதங்கம் வரும்: ஒவ்வொருத்தரும் ரெண்டு பக்கம் வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சந்தையில் கூட்டத்துக்குள் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்து, கூப்பிடுவதற்குள் அது மறைந்துவிடுகிற மாதிரி. ஆனாலும் 'போர் என்றால் இவர்கள்தான்' என்று எனக்குக் காட்டின முதல் புத்தகம் இது.

இதைப் படித்த பிறகுதான் சென்னையில் 1942 ஏப்ரலில் நடந்ததையும் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6 விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9 திரிகோணமலையில். ஜப்பான் கப்பல் வருகிறது என்று பயந்து சென்னையைக் காலி செய்யச் சொன்னார்கள். சனம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. மிருகக்காட்சிசாலையில் இருந்த புலி, சிங்கங்களைக் குண்டு விழுந்தால் தப்பித்து வெளியே வந்துவிடும் என்று சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி. தளபதியின் வரைபடத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 'எவாக்குவேஷன்' என்ற இங்கிலீஷ் வார்த்தை ஒரு தலைமுறைக்குத் தமிழ் வார்த்தையாகவே இருந்தது.

மூன்றாவது, ரகு கர்னாடின் 'ஃபார்தெஸ்ட் ஃபீல்டு' (2015). நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடின் மகன் இவர். இந்தப் புத்தகத்துக்கு 2016-ல் சாகித்ய அகாதமியின் யுவ புரஸ்கார் கிடைத்தது. இது தொடங்குகிற இடமே வேறு. பாட்டி வீட்டில் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, யார் என்று கேட்காமலே விட்ட மூன்று பேர் புகைப்படம். ஒருவர் பாட்டியின் கணவர், டாக்டர். இன்னொருவர் பாட்டியின் தம்பி, ராணுவப் பொறியாளர். மூன்றாமவர் விமானி, பாட்டியின் சகோதரியைக் கட்டியவர். மூன்று பேருமே அந்தப் போர் முடிவதற்குள் இறந்தவர்கள். கேட்கலாம் என்று தோன்றியபோது கேட்பதற்குப் பாட்டி இல்லை. அதற்கப்புறம் கடிதம், கோப்பு, வயதான உறவினர் என்று தேடித் தேடி எழுதியிருக்கிறார். ஆதாரம் தீர்ந்துபோன இடத்தில் ஊகித்து எழுதியிருப்பதையும் மறைக்கவில்லை.

அந்த ஆரம்பத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். எதிர் வீட்டுத் திண்ணை காலியாக இருந்தது.

இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு, அது கர்னாடின் தப்பு இல்லை. அவர் தேடியவர்கள் அதிகாரிகள். இங்கிலீஷ் படித்த, வசதியான குடும்பத்தவர்கள். அவர்கள் கடிதம் எழுதினார்கள். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் அதைப் பத்திரமாக வைக்க மேசை இருந்தது. பயனியர் படையில் மண் சுமந்தவருக்கு எழுதத் தெரியாது. அவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்ததை வைக்க ஒரு தகரப் பெட்டிதான் இருந்தது. கர்னாட் செய்ததைக் கடத்தூரில் ஒருத்தர் செய்யணும் என்றால் காகிதத்திலிருந்து தொடங்க முடியாது, வாயிலிருந்துதான் தொடங்கணும். வாய் மூடிப்போனால் ஒன்றும் இல்லை.

நாலாவது புத்தகம் தமிழ்: வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. மற்ற மூன்றையும் விட இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லத் தோன்றுகிறது.

சர்மா 1895-ல் பிறந்தவர். திரு.வி.க. நடத்தின 'தேசபக்தன்', 'நவசக்தி' பத்திரிகைகளில் வேலை செய்தவர். 1932-ல் ரங்கூன் போய் அங்கே 'ஜோதி' என்ற மாத இதழுக்கு ஆசிரியரானார். இன்றைக்கு நாம் வெகுஜன வரலாற்று நூல் என்று சொல்வதைத் தமிழில் முப்பதுகளிலேயே செய்தவர் அவர். முசோலினி, ஹிட்லர், அபிசீனியா, ஸ்பெயின், பாலஸ்தீனம் என்று உலகத்தில் எங்கே தீப்பிடித்தாலும் தமிழ் வாசகனுக்கு ஒரு புத்தகம் எழுதிக் கொடுத்துவிடுவார். ரங்கூனில் உட்கார்ந்து ஐரோப்பாவைப் பற்றி எழுதினார். கடத்தூர்த் திண்ணையில் உட்கார்ந்து நான் ஸ்டாலின்கிராட் படித்ததற்கும் அதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 25-ஆம் தேதி மறுபடியும். 1942 மார்ச் 8-ல் நகரமே ஜப்பான் கைக்குப் போனது. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சம். ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அதில் சுமார் ஐந்து லட்சம் பேர் தரை வழியாகவும் கடல் வழியாகவும் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். பணம் இருந்தவர்கள் கப்பல் ஏறினார்கள், மீதிப் பேர் நடந்தார்கள். ஐரோப்பியர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு ஒரு வழி என்று பேதம் காட்டியதாக அப்போதே இங்கே பெரிய கண்டனம் எழுந்தது. வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை என்றும் அதற்கு மேலும் ஆளுக்கொரு மதிப்பீடு சொல்கிறார்கள். நடந்தவர்களில் சர்மாவும் அவர் மனைவி மங்களமும் இருந்தார்கள்.

போர்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவரை ஒரு போர் வந்து எழுப்பி நடக்கச் சொன்னது. அந்த நடை பற்றி அவர் எழுதியது அவருடைய மற்ற வரலாற்று நூல்களிலிருந்து ரொம்ப மாறுபட்டது. ஹிட்லர் பற்றி எழுதினபோது அவரும் நாற்காலியில்தான் இருந்தார். இங்கே நாற்காலி இல்லை. அன்றைக்கு எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, இன்னும் எத்தனை மைல் என்ற கணக்குதான் இருக்கிறது. ஜப்பானின் எந்தப் படைப்பிரிவு எந்தப் பக்கம் வந்தது என்று தெரிந்துகொள்ள நான் வேறு புத்தகத்துக்குப் போகணும். ஆனால் ஒரு அம்பு நகர்ந்தால் அதன் அடியில் என்ன நடக்கிறது என்பதற்கு இதைத்தான் படிக்கணும். அவர் படித்தவர், பத்திரிகை ஆசிரியர், தெரிந்தவர்கள் உள்ளவர். அந்த வழியில் வந்த பெரும்பாலோர் கூலிகள். அவர்கள் எழுதியிருந்தால் புத்தகம் வேறு மாதிரி இருந்திருக்கும். இருந்தாலும் இந்த நாலில் நடந்தவரே எழுதினது இது ஒன்றுதான். போர் பற்றிப் படிக்க ஆசைப்படுகிற யாருக்கும் முதல் புத்தகமாக இதைத்தான் கொடுப்பேன்.

நடந்து வந்தவர்களில் லட்சக்கணக்கானோர் டாமு, பலேல், இம்பால் வழியாக திமாபூர் ரயிலடிக்கு வந்து சேர்ந்தார்கள். அகதிகள் வந்த அந்தப் பாதையைத்தான் பிற்பாடு ராணுவம் அகலப்படுத்தி லாரி போகிற ரோடாக்கியது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த சண்டைக்கு அந்த ரோடுதான் உயிர். 2013-ல் லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம் நடத்தின வாக்கெடுப்பில் பிரிட்டனின் மிகப் பெரிய போர் எது என்பதற்கு வாட்டர்லூவையும் நார்மண்டியையும் தாண்டி வென்றது இம்பால்-கோஹிமா. கோஹிமா இருந்த நாகா மலை ஜில்லா அப்போது அசாம் மாகாணத்தில் இருந்தது. தாத்தா சொன்ன அசாம் இதுதான்.

அவர் அடிக்கடி சொல்கிற ஒரு பேர் உண்டு: 'மணிப்பூர் ரோடு'. "மணிப்பூர் ரோட்டுல எறங்கினோம்" என்பார். ரோட்டில் எப்படி இறங்குவது, வயசாகி உளறுகிறார் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, திமாபூர் ரயில் நிலையத்துக்கு அன்றைக்குப் பேரே 'மணிப்பூர் ரோடு'. எழுபது வருஷம் கழித்தும் ஸ்டேஷன் பேரைச் சரியாகச் சொன்னவர் அவர், உளறியது நாங்கள்.

இதற்கு நடுவில் ஒரு செய்தி வந்தது. 2019-ல் மொரப்பூர்-தருமபுரி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பேப்பரில் கடைசிப் பத்தியில் ஒரு தகவல்: இந்தப் பாதை புதுசு இல்லை, 1906-ல் வந்த குறுகிய பாதை, இரண்டாம் உலகப் போரின்போது 1941-ல் மூடப்பட்டது. போர்க் காலத்தில் இந்தியா முழுக்க இப்படிப் பல கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள். தண்டவாளமும் என்ஜினும் பெட்டியும் மத்தியக் கிழக்குப் போர்முனைக்குக் கப்பலேறின.

மொரப்பூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். சின்ன வயசிலிருந்து அங்கேயும் பொம்மிடியிலும் ரயிலேறியிருக்கிறேன். சேலம் போகலாம், சென்னை போகலாம், மாவட்டத் தலைநகரமான தருமபுரிக்குப் போகணும் என்றால் மட்டும் பஸ். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. காரணம் 1941. வோல்கா நதிக் கரையில் எந்தத் தொழிற்சாலை எந்த நாளில் விழுந்தது என்று தெரிந்தவனுக்கு, தன் ஊர்ப் பக்கத்தில் அதே போர் ஒரு ரயிலையே தூக்கிக்கொண்டு போனது தெரியாது. போர் நம் ஊருக்கு வரவில்லை என்று நினைத்திருந்தேன். அது வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆளையும் எடுத்தது, இரும்பையும் எடுத்தது.

தண்டவாளம் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் ரயில் போட்டது 1942-43-ல். அதற்கு மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆட்களை மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள், அதில் ஏராளம் தமிழர்கள். வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல், செத்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம், செத்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்கிறார்கள். கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக, பேரோடு இருக்கின்றன. உலகத்துக்கு இந்த ரயில் தெரிந்தது 1957-ல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தால். அந்தப் படத்தின் மையம் வெள்ளைக்கார அதிகாரிகளின் மானப் பிரச்சினை. படம் எடுத்தது இலங்கையில் கிதுல்கலையில்.

தமிழில் இதற்கு மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதின 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அது நாவல். தென்கிழக்காசியப் போர்க் காலத்துக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது, அதுவும் நாவல். நம் போர் அனுபவம் பெரும்பாலும் புனைவில்தான் தங்கியிருக்கிறது. நாவல்கள் இருப்பது நல்லதுதான். ஆனால் ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் அலமாரி நிறையக் கட்டுரை நூல் போடுகிற தமிழில், நூறு ரூபாய்க்குப் பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைக்கிற மாதிரி நம் ஆட்களின் போரைச் சொல்கிற புத்தகங்கள் குவிந்திருக்க வேண்டாமா? இந்த வகைப் புத்தகங்கள் மேல் எனக்குள்ள உண்மையான வருத்தம் இதுதான். எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், படிக்கப் பழகினவர்களும் இருக்கிறார்கள். தளபதியின் நாற்காலியை விட்டு எழுந்து வந்தால் போதும்.

ஒரு சின்ன விஷயத்தோடு முடிக்கிறேன். போன வருஷம் எதிர் வீட்டில் பழைய வீட்டை இடித்துக் கட்டினார்கள். தகரப் பெட்டியை எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். தாத்தாவின் பேரன் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இது இன்னான்னு பாரு" என்று ஒன்றைக் கொடுத்தான். ஆறு முனை உள்ள பித்தளை நிற நட்சத்திரம், நடுவில் கிரீடம். சின்ன வயசில் அதை வைத்து நாங்கள் போலீஸ் விளையாட்டு விளையாடியிருக்கிறோம். பர்மா ஸ்டார். பர்மா முனையில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம். பேரனிடம் சொன்னேன். "நெசமாவா? தாத்தா சொல்லவே இல்லயே" என்றான்.

சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் செத்தவர்கள் பேர் இருக்கிறது. ரங்கூன் நினைவகத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பேர். உயிரோடு திரும்பி வந்து அறுபது வருஷம் மரவள்ளி போட்டு, ஆடு மேய்த்து, வெற்றிலை இடித்தவர்களுக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது.

பட்டாளம் போனவர்கள் இன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் இல்லை. அன்றைக்குக் குழந்தையாக இருந்தவர்கள் ரெண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். கன்ட்ரோல் துணி, கன்ட்ரோல் அரிசி எல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் தெருக் கடைசியில் ஒரு பாட்டி, பிறந்த ஊர் மொரப்பூர் பக்கம். தண்டவாளத்தைப் பிடுங்கின பிறகு அந்த மேட்டு மேலேயே நடந்து சந்தைக்குப் போவார்களாம். "ரயிலு போயிடுச்சு, ஆனா வழி நல்லா இருந்துச்சு கண்ணு" என்றார். இந்தத் தடவை 'அது வேற' என்று சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.